அதிபர் பதவிக்குப் பிறகு தொடங்கிய வாழ்க்கை: ஜான் குவின்சி ஆடம்ஸ்

1831 டிசம்பரில் வாஷிங்டனில் கூடிய பிரதிநிதிகள் சபையில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிளிமத் தொகுதியிலிருந்து வந்த ஒரு புதிய உறுப்பினர் தம் இருக்கையில் அமர்ந்தார். அவருக்கு வயது 64. தலை வழுக்கை, கண்களில் ஓயாமல் நீர் கசியும், அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தவர்கள் குறைவு. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அவர் அதே நகரத்தின் வெள்ளை மாளிகையில் அதிபராக இருந்தவர். அதிபர் பதவியிலிருந்து இறங்கிய ஒருவர் பிரதிநிதிகள் சபைக்குச் சாதாரண உறுப்பினராகத் திரும்பி வந்தது அதற்கு முன்பு நிகழவில்லை; அதற்குப் பின் இன்றுவரையிலும் நிகழவில்லை. ஆண்ட்ரூ ஜான்சன் 1875-இல் செனட் சபைக்குத் திரும்பினார் என்றாலும் சில மாதங்களிலேயே இறந்துவிட்டார். ஜான் குவின்சி ஆடம்ஸோ ஏறத்தாழ 17 ஆண்டுகள் அந்தச் சபையில் இருந்தார். அங்கேயே மயங்கி விழுந்து, அந்தக் கட்டடத்திலேயே உயிரை விட்டார்.

அமெரிக்க அதிபர்களை வரிசையாகச் சொல்லும் புத்தகங்களில் ஆடம்ஸுக்குக் கிடைக்கும் இடம் சிறியது. இரண்டாவது அதிபரின் மகன், ஒரே ஒரு முறை பதவி வகித்தவர், ஆண்ட்ரூ ஜாக்சனிடம் தோற்றவர் என்று மூன்று வரிகளில் முடித்துவிடுவார்கள். அந்த நான்கு ஆண்டுகளை மட்டும் பார்த்தால் அதற்கு மேல் எழுத அதிகம் இல்லைதான். ஆனால் அவருடைய வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வருகிறவருக்கு ஒன்று தெளிவாகும்: அதிபராக அவரைத் தோற்கடித்த குணமும், பிற்காலத்தில் அந்தச் சபையில் அவரை எவராலும் அசைக்க முடியாதவராக்கிய குணமும் ஒன்றேதான். பிறரை மகிழ்வித்துத் தம் பக்கம் இழுக்கும் கலை அவருக்குக் கைவரவில்லை. அதைக் கற்றுக்கொள்ளவும் அவர் முயலவில்லை. நாட்டின் தலைமைப் பதவியில் அது பெருங்குறையாக இருந்தது. ஒரு தொகுதியின் உறுப்பினருக்கு அதுவே பலமாயிற்று.

அவர் 1767 ஜூலை 11 அன்று மாசசூசெட்ஸில், பிரெய்ன்ட்ரீ என்று அன்று வழங்கிய ஊரில் பிறந்தார். அவர் பிறந்த பகுதி பின்னர் குவின்சி என்ற பெயரில் தனி ஊராகியது. 1775 ஜூனில் பங்கர் ஹில் சண்டை நடந்தபோது, ஏழு வயதுச் சிறுவனான அவர் தாய் அபிகேலுடன் ஒரு குன்றின் மீது நின்று சார்ல்ஸ்டவுன் எரிவதைப் பார்த்தார். தந்தை ஜான் ஆடம்ஸ் புரட்சியின் தூதராக ஐரோப்பாவுக்குச் சென்றபோது பத்து வயதில் அவருடன் கப்பலேறினார். அந்தப் பெற்றோரின் கண்டிப்பைப் படிக்கும்போது இன்றைய வாசகருக்குத் திடுக்கிடும். ஒழுக்கம் கெட்ட பிள்ளையாக உன்னைப் பார்ப்பதைவிட, நீ கடந்து சென்ற கடலே உனக்குக் கல்லறையாகியிருந்தால் மேல் என்ற பொருளில் தாய் அந்தச் சிறுவனுக்குக் கடிதம் எழுதினார். பின்னாளில், மகன் வளர்ந்து வழக்கறிஞரான பிறகு, நாட்டின் தலைமைக்கு நீ உயரவில்லையென்றால் அதற்கு உன் சோம்பலும் ஒழுங்கின்மையும் பிடிவாதமுமே காரணமாக இருக்கும் என்று தந்தை எழுதினார். வாழ்நாள் முழுவதும் இந்த மனிதர் தம்மைத் தாமே குற்றக்கூண்டில் நிறுத்திக்கொண்டிருந்ததற்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அவருடைய கல்வி அன்றைய அமெரிக்கர் எவருக்கும் வாய்க்காதது. பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், லைடன் ஆகிய நகரங்களில் படித்தார். 1781-இல், 14 வயதில், பிரெஞ்சு மொழி தெரியாத அமெரிக்கத் தூதர் பிரான்சிஸ் டானாவுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் செயலராகவும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரை சென்றார். 1787-இல் ஹார்வர்டில் பட்டம் பெற்றுச் சட்டம் பயின்றார். 1794-இல் ஜார்ஜ் வாஷிங்டன் அவரை நெதர்லாந்துக்குத் தூதராக அனுப்பினார். 1797-இல் லண்டனில் லூயிசா கேதரின் ஜான்சனை மணந்தார். அமெரிக்க அதிபர்களின் மனைவியருள் வெளிநாட்டில் பிறந்த முதல் பெண்மணி அவரே. பின்பு பிரஷியாவில் தூதர் பணி. அதன்பின் சொந்த மாநிலம். 1803-இல் செனட் சபை.

செனட் சபையில் அவர் செய்த ஒரு காரியம் அவருடைய குணத்தை முதன்முதலாக வெளிச்சமிட்டுக் காட்டியது. அவர் சார்ந்திருந்த ஃபெடரலிஸ்ட் கட்சி, நியூ இங்கிலாந்து வணிகர்களின் கட்சி. அன்றைய அதிபர் ஜெஃபர்சன் கொண்டுவந்த 1807-ஆம் ஆண்டு வெளிநாட்டு வணிகத் தடைச் சட்டம் அந்த வணிகர்களின் அடிமடியில் கை வைப்பது. பிரிட்டிஷ் கடற்படை அமெரிக்கக் கப்பல்களைத் தாக்கியும் மாலுமிகளைப் பிடித்துச் சென்றும் வந்த நிலையில் நாடு பணியக் கூடாது என்று நம்பிய ஆடம்ஸ், தம் கட்சிக்கும் தம் மாநிலத்துக்கும் எதிராக அந்தச் சட்டத்தை ஆதரித்தார். மாசசூசெட்ஸ் சட்டமன்றம் அவருடைய பதவிக்காலம் முடியும் முன்பே அடுத்தவரைத் தேர்ந்தெடுத்து அவரை அவமதித்தது. 1808-இல் அவர் பதவி விலகினார். கட்சி என்ற கூரை அவர் தலைக்கு மேல் நிலையாக இருந்ததே இல்லை.

அடுத்து அதிபரான மேடிசன் அவரை ரஷ்யாவுக்குத் தூதராக அனுப்பினார். அங்கிருந்தபோதே, 1811-இல் உச்ச நீதிமன்ற நீதிபதியாக அவரை நியமித்துச் செனட் சபையும் ஒப்புதல் அளித்தது. அவர் வேண்டாமென்று மறுத்துவிட்டார். 1814 டிசம்பர் 24 அன்று கெண்ட் நகரத்தில் பிரிட்டனுடன் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்ட அமெரிக்கக் குழுவுக்குத் தலைமை வகித்தார். அப்போது ரஷ்யாவில் தனித்திருந்த லூயிசா, 1815-இன் குளிர்காலத்தில் ஏழு வயது மகனுடன் குதிரை வண்டியில் போர் சிதைத்துப்போட்ட ஐரோப்பாவைக் கடந்து பாரிஸ் வந்து சேர்ந்தார். அவர் வந்த நேரத்தில் எல்பா தீவிலிருந்து தப்பிய நெப்போலியனும் பாரிஸை நோக்கி வந்துகொண்டிருந்தார். அந்தப் பயணத்தைப் பற்றி லூயிசா பின்னர் எழுதிவைத்த குறிப்புகள், கணவரின் அரசு ஆவணங்கள் பலவற்றைவிடச் சுவையானவை என்பது என் கருத்து.

1817 முதல் 1825 வரை ஜேம்ஸ் மன்றோவின் அரசில் வெளியுறவுச் செயலராக ஆடம்ஸ் இருந்த எட்டு ஆண்டுகள் அவருடைய அரசுப் பணியின் உச்சம். 1819-இல் ஸ்பெயினின் தூதர் லூயிஸ் டி ஓனிஸுடன் செய்த உடன்படிக்கை, ஃபுளோரிடாவை அமெரிக்காவுக்கு வாங்கித் தந்ததோடு, நாட்டின் எல்லைக் கோட்டைப் பசிபிக் கடல் வரை இழுத்துச் சென்றது. அமெரிக்கக் கண்டங்களில் இனி ஐரோப்பிய வல்லரசுகள் புதிய குடியேற்றங்களை நிறுவக் கூடாது என்ற 1823-ஆம் ஆண்டின் அறிவிப்பு மன்றோவின் பெயரைத் தாங்கினாலும், அதன் உள்ளடக்கத்தில் பெரும்பங்கு ஆடம்ஸுடையது. ஆனால் இதே காலத்தில் அடிமை முறை பற்றி அவர் நடந்துகொண்ட விதத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரிட்டனுடன் 1812-இல் மூண்ட போரின்போது பிரிட்டிஷ் படையுடன் சென்று விடுதலை பெற்ற அடிமைகளுக்காக அவர்களுடைய உரிமையாளர்களுக்கு ஈட்டுத்தொகை வேண்டுமென்று பிரிட்டனிடம் விடாமல் வாதாடியவரும் அவரே. 1820-இல் மிசௌரியை அடிமை மாநிலமாகச் சேர்ப்பது பற்றிய சர்ச்சை நடந்தபோது, உடன் அமைச்சராக இருந்த தென் கரோலினாக்காரர் கால்ஹூனுடன் பேசிக்கொண்டே நடந்து வந்த ஒரு நாளின் குறிப்பில், அடிமை முறை மனிதரின் அறவுணர்வையே கெடுத்துவிடுகிறது என்று கடுமையாக எழுதினார். இந்தச் சர்ச்சை ஒரு பெரும் துயர நூலின் முதல் பக்கம் மட்டுமே என்றும் எழுதினார். எல்லாம் நாட்குறிப்பில்தான். வெளியில் ஒரு சொல்லும் வரவில்லை. அதிபர் பதவியை எதிர்பார்த்திருந்த ஒருவருக்குத் தென் மாநிலங்களின் வாக்குகள் தேவைப்பட்டன.

தம்மை அவர் நன்றாகவே அறிந்திருந்தார். 1819-இல் எழுதிய குறிப்பொன்றில், தாம் ஒதுங்கி நிற்பவர், உணர்ச்சியற்றவர், கடுமையானவர், அணுக முடியாத போக்குடையவர் என்று தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொண்டு, இந்தக் குறையைத் திருத்திக்கொள்ளும் நெகிழ்வு தம்மிடம் இல்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். இப்படிப்பட்டவர் தேர்தலில் நிற்கும்போது குடும்பத்தில் வேறொருவர்தான் சிரித்த முகத்துடன் வாசலில் நிற்க வேண்டும். லூயிசா அதைச் செய்தார். 1824 ஜனவரியில், நியூ ஆர்லியன்ஸ் வெற்றியின் நினைவு நாளில், ஜெனரல் ஜாக்சனைச் சிறப்பித்துத் தம் வீட்டில் அவர் நடத்திய நடன விருந்தைப் பற்றி வாஷிங்டன் நெடுநாள் பேசியது. அந்த ஆண்டின் இறுதியில் அதே ஜாக்சன் அவர்களுக்கு எதிரே நின்றார்.

1824 தேர்தலில் நான்கு பேர் போட்டியிட்டனர். அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் மாநிலத் தேர்வாளர்களின் வாக்குகளில் ஜாக்சனுக்கு 99, ஆடம்ஸுக்கு 84, கிராஃபோர்டுக்கு 41, ஹென்றி கிளேவுக்கு 37. எவருக்கும் பெரும்பான்மை இல்லாததால், அரசியலமைப்பின்படி முதல் மூவருள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பிரதிநிதிகள் சபைக்குப் போயிற்று. மாநிலத்துக்கு ஒரு வாக்கு. நான்காவதாக வந்த கிளே அந்தச் சபையின் சபாநாயகர். அவர் தம் செல்வாக்கை ஆடம்ஸுக்குத் தந்தார். 1825 பிப்ரவரி 9 அன்று 24 மாநிலங்களுள் 13 ஆடம்ஸுக்கு வாக்களிக்க, முதல் சுற்றிலேயே அவர் வென்றார். சில நாட்களில் கிளேயை வெளியுறவுச் செயலராக நியமித்தார். அதுவரை அந்தப் பதவி, அதிபராவதற்கு முந்தைய படியாகக் கருதப்பட்டு வந்தது. இருவருக்கும் இடையில் பேரம் நடந்ததற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. இருவரும் கொள்கையில் ஏறத்தாழ ஒத்தவர்கள் என்பதும் உண்மை. ஆனாலும், ஜாக்சன் ஆதரவாளர்கள் ஊழல் பேரம் என்று கூவப்போகிறார்கள் என்பதைச் சின்னப் பிள்ளையும் ஊகித்திருக்கும். தம் மனச்சாட்சி தூய்மையாக இருக்கிறது, எனவே பிறர் என்ன நினைத்தால் என்ன என்று ஆடம்ஸ் இருந்துவிட்டார். அவருடைய ஆட்சி தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது என்று சொல்வது மிகையாகாது.

அதே ஆண்டு டிசம்பரில் காங்கிரஸுக்கு அனுப்பிய முதல் ஆண்டறிக்கையில் சாலைகள், கால்வாய்கள், தேசியப் பல்கலைக்கழகம், அறிவியல் ஆய்வுப் பயணங்கள், ஒரு வானாய்வுக்கூடம் ஆகியவற்றை அரசே அமைக்க வேண்டுமென்று கேட்டார். அமைச்சர்கள் வேண்டாமென்று தடுத்தும் கேட்கவில்லை. ஐரோப்பாவில் வானத்துக்கான கலங்கரை விளக்கங்கள் 130-க்கும் மேல் இருக்க இந்தக் கண்டத்தில் ஒன்றுகூட இல்லை என்று அவர் எழுதிய உவமையைப் பத்திரிகைகள் பல ஆண்டுகள் கேலி செய்தன. அதைவிடப் பெரிய தவறு வேறொன்று: நம் வாக்காளர்களின் விருப்பத்தால் நாம் முடங்கிப்போனோம் என்று உலகத்துக்கு அறிவிக்கலாமா என்று அதே அறிக்கையில் கேட்டார். மக்கள் வாக்கில் இரண்டாமிடம் பெற்று அதிபரான ஒருவர், மக்களின் விருப்பத்தை ஒரு தடையாகப் பேசிய அந்த வரியை எதிரிகள் விட்டுவைப்பார்களா? காங்கிரஸ் அவருடைய திட்டங்களுள் பெரும்பாலானவற்றைக் கண்டுகொள்ளவே இல்லை.

அரசியல் காரணத்துக்காக அலுவலர்களை நீக்குவதில்லை என்பதும் அவருடைய உறுதிகளுள் ஒன்று. அஞ்சல் துறைத் தலைவர் ஜான் மெக்லீன் ஜாக்சனுக்காக வேலை செய்கிறார் என்று கிளே முதலானோர் திரும்பத் திரும்பச் சொல்லியும், நிர்வாகத்தில் திறமையானவர் என்பதற்காக அவரை விட்டுவைத்தார். ஜாக்சன் பதவிக்கு வந்ததும் மெக்லீனுக்கு உச்ச நீதிமன்ற நீதிபதிப் பதவி கிடைத்தது. கிரீக் பழங்குடியினரின் நிலத்தை மோசடியாக எழுதி வாங்கிய 1825-ஆம் ஆண்டு உடன்படிக்கையை ஆடம்ஸ் ரத்துச் செய்து புதியது செய்தார் என்பது அவருக்குப் பெருமை. ஜார்ஜியா மாநில ஆளுநர் எதிர்த்து நின்றபோது முடிவில் பணிந்துபோனார் என்பது அந்தப் பெருமையை அழித்துவிடுகிறது.

1828 ஜூலை 4 அன்று செசபீக்-ஒஹையோ கால்வாய்க்கான முதல் மண்ணை வெட்டும் விழாவில், அவர் மண்வெட்டியை ஊன்றியபோது அது வேரில் இடித்து இறங்கவில்லை. மீண்டும் முயன்றும் முடியாமல், மேலங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு வெட்டினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. தம் உரையின் அணிநயங்கள் அனைத்தையும்விட அந்தச் செயல்தான் மக்களைக் கவர்ந்தது என்று அன்றிரவு வியப்புடன் எழுதிவைத்தார். நான்கு ஆண்டுகளில் மக்கள் அவரை மனதாரக் கைதட்டி வரவேற்ற அரிதான தருணங்களுள் ஒன்று அது. அதிலிருந்து அவர் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. அந்த ஆண்டுத் தேர்தலில் ஜாக்சன் 178, ஆடம்ஸ் 83. தந்தையைப் போலவே, தமக்குப் பின் வந்தவரின் பதவியேற்பு விழாவுக்குச் செல்லாமல் தவிர்த்தார். அடுத்த சில வாரங்களில், மூத்த மகன் ஜார்ஜ் வாஷிங்டன் ஆடம்ஸ் நீராவிக் கப்பலிலிருந்து கடலில் விழுந்து இறந்துபோனார்.

பிளிமத் தொகுதிக்காரர்கள் 1830-இல் அவரை அணுகியபோது மனைவியும் இளைய மகன் சார்லஸ் பிரான்சிஸும் வேண்டாமென்றனர். முன்னாள் அதிபர் ஒருவர், மக்கள் தேர்ந்தெடுத்தால் தம் ஊரின் மன்ற உறுப்பினராகப் பணியாற்றுவதுகூட இழிவல்ல என்பது ஆடம்ஸின் விடை. வெற்றிச் செய்தி வந்தபோது, அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதுகூடத் தம் உள்ளத்துக்கு இதில் பாதியளவு நிறைவைத் தரவில்லை என்று எழுதினார். இதை நான் முழுமையாக நம்புகிறேன். 1825-இல் அவர் பெற்றது ஒரு சபையின் கணக்கு. 1830-இல் பெற்றது, வாக்குக் கேட்டு அலையாமலே அண்டை அயலார் தந்த நம்பிக்கை. தென் மாநிலங்களின் தயவு இனி அவருக்குத் தேவையில்லை. இழக்கவும் எதுவும் இல்லை.

1830-களின் நடுவில் அடிமை ஒழிப்புச் சங்கங்கள் காங்கிரஸுக்கு மனுக்களை அனுப்பத் தொடங்கின. தலைநகரான வாஷிங்டன் நேரடியாகக் காங்கிரஸின் ஆட்சியில் இருந்ததால், அங்கேனும் அடிமை முறையை ஒழியுங்கள் என்பது முதன்மையான கோரிக்கை. கையெழுத்திட்டவர்களில் வாக்குரிமை இல்லாத பெண்கள் பெருந்திரளாக இருந்தனர். தென் மாநில உறுப்பினர்களுக்கு இந்த மனுக்கள் வாசிக்கப்படுவதே பொறுக்கவில்லை. 1836 மே 26 அன்று, தென் கரோலினாவின் ஹென்றி பிங்க்னி தலைமையிலான குழு தந்த தீர்மானத்தைச் சபை 117-க்கு 68 என்ற வாக்கில் ஏற்றது: அடிமை முறை தொடர்பான எந்த மனுவும் அச்சிடப்படாமலும் குழுவுக்கு அனுப்பப்படாமலும் அப்படியே கிடப்பில் போடப்படும். இதுதான் வாய்ப்பூட்டு விதி என்று பெயர் பெற்றது. பேச எழுந்த ஆடம்ஸுக்குச் சபாநாயகர் ஜேம்ஸ் போல்க் வாய்ப்பளிக்கவில்லை. என் வாய் பூட்டப்பட்டிருக்கிறதா இல்லையா என்று அவர் கத்தினார். வாக்களிக்கப் பெயர் அழைக்கப்பட்டபோது, இந்தத் தீர்மானம் அரசியலமைப்பையும் இச்சபையின் விதிகளையும் என் வாக்காளரின் உரிமைகளையும் நேரடியாக மீறுகிறது என்று, சபையின் கூச்சலுக்கு நடுவே சொல்லி முடித்தார்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஆடம்ஸ் அடிமை ஒழிப்புச் சங்கத்தவர் அல்லர். வாஷிங்டனில் உடனடியாக அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்ற மனுவின் கோரிக்கையை அவர் அப்போது ஆதரிக்கவும் இல்லை. அவர் பிடித்துக்கொண்டது மனு அளிக்கும் உரிமையை. அடிமைகளைப் பற்றிக் கவலைப்படாத வடக்கத்திக் குடிமகனும், தான் எழுதிய கடிதத்தைத் தன் பிரதிநிதி வாசிக்கக் கூடாது என்றால் கோபப்படுவான். சண்டையை அந்த இடத்துக்கு நகர்த்தியதில் பழைய தூதரின் கணக்கு தெரிகிறது.

1837 பிப்ரவரியில், அடிமைகள் 22 பேர் கையெழுத்திட்டதாகச் சொல்லும் ஒரு மனு தம்மிடம் இருப்பதாகவும், அது விதிக்குள் வருமா என்று சபாநாயகர் சொல்ல வேண்டும் என்றும் பணிவாகக் கேட்டார். சபை கொந்தளித்தது. அடிமைகளுக்கு மனு அளிக்கும் உரிமையா, அவரைக் கண்டிக்க வேண்டும், வெளியேற்ற வேண்டும் என்று தீர்மானங்கள் பறந்தன. எல்லோரும் கத்தி ஓய்ந்த பிறகு, அந்த மனு அடிமை முறையை ஒழிக்கக் கோரவில்லை, அதற்கு நேர்மாறானதைக் கோருகிறது என்று விளக்கினார். கண்டனத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர்களுக்கு வார்த்தைகளை மாற்றுவதற்கே நேரம் சரியாக இருந்தது. சிரிக்கத் தெரியாதவர் என்று பெயரெடுத்த மனிதரிடம் இத்தனை குறும்பு எங்கே ஒளிந்திருந்தது என்று அந்தப் பதிவுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு. அடுத்த ஆண்டு கோடையில் டெக்சாஸை இணைப்பதற்கு எதிராக மூன்று வாரங்கள் காலை நேரம் முழுவதையும் தாமே எடுத்துக்கொண்டு பேசியபோது, பெண்கள் அரசியல் மனுக்களில் கையெழுத்திடுவது அவமானம் என்று சொன்ன உறுப்பினருக்கு, விவிலியத்திலிருந்தும் வரலாற்றிலிருந்தும் பெண்களை வரிசையாக அழைத்து வந்து விடை சொன்னார்.

1841-இல் அவர் செய்த பணி பலருக்கும் தெரிந்திருக்கும். ஆப்பிரிக்காவில் இன்றைய சியரா லியோன் பகுதியிலிருந்து சட்டத்துக்குப் புறம்பாகக் கடத்தப்பட்டு ஹவானாவில் விற்கப்பட்ட 53 பேர், 1839-இல் அமிஸ்டாட் என்ற ஸ்பானியப் பாய்மரக் கப்பலில் செங்பே பியே என்பவரின் தலைமையில் கிளர்ந்தெழுந்து கப்பலைக் கைப்பற்றினர். உயிருடன் விடப்பட்ட ஸ்பானியர்கள் பகலில் கிழக்கேயும் இரவில் வடமேற்கேயும் கப்பலைத் திருப்பி ஏமாற்றியதால், அது நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்ட் கரையோரம் வந்து சேர்ந்து அமெரிக்கக் கடற்படையிடம் சிக்கியது. அவர்கள் கனெக்டிகட்டில் சிறைவைக்கப்பட்டனர். மாவட்ட நீதிமன்றம் அவர்களை அடிமைகளல்லர் என்று தீர்ப்பளித்தும் அதிபர் வான் பியூரனின் அரசு மேல்முறையீடு செய்தது. லூயிஸ் டப்பன் முதலான அடிமை ஒழிப்பாளர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில், மூன்று பத்தாண்டுகளாக உச்ச நீதிமன்றத்தில் வாதாடியிராத ஆடம்ஸ், 73 வயதில் வழக்கை ஏற்றார். சட்ட நுணுக்கங்களை அடுக்கிய அடிப்படை வாதம் உடன் வாதாடிய வழக்கறிஞர் ரோஜர் ஷெர்மன் பால்ட்வினுடையது. அவருடைய பெயரை விட்டுவிட்டு எல்லாப் புகழையும் ஆடம்ஸுக்குத் தருவது நியாயமல்ல.

பிப்ரவரி 24 அன்று நான்கு மணி நேரத்துக்கும் மேலாகப் பேசினார். அன்றிரவு நீதிபதி ஒருவர் உறக்கத்திலேயே இறந்ததால், மார்ச் 1 அன்று தொடர்ந்தார். நீதிமன்ற அறையில் தொங்கிய, 1776-ஆம் ஆண்டின் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைச் சுட்டிக்காட்டி, இந்த மனிதர்களுக்குப் பொருந்தும் சட்டம் அதுவே என்றார். மாவட்டத் தீர்ப்பு வருமுன்பே, அவர்களை மேல்முறையீட்டுக்கு வாய்ப்பின்றிக் கியூபாவுக்கு ஏற்றிச் செல்லத் துறைமுகத்தில் போர்க்கப்பல் ஒன்றை நிறுத்திவைத்த அரசின் செயலைத்தான் அவர் மிகுதியாகத் தாக்கினார். அமர்வில் இருந்தவர்களுள் ஒருவர், அன்று அவர் பதவியிலிருந்து நீக்க மறுத்த அதே மெக்லீன். மார்ச் 9 அன்று நீதிபதி ஜோசப் ஸ்டோரி எழுதிய தீர்ப்பு அவர்களை விடுவித்தது. உயிருடன் எஞ்சிய 35 பேர், தனியார் திரட்டிய பணத்தில், அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்தனர்.

ஆனால் ஆடம்ஸின் முழு ஆற்றலும் வெளிப்பட்டது 1842 ஜனவரியில்தான் என்பேன். ஹேவர்ஹில் ஊரின் குடிமக்கள் 46 பேர், அமெரிக்க ஒன்றியத்தையே அமைதியாகக் கலைத்துவிடுங்கள் என்று எழுதிய மனுவை அவர் சபையில் வைத்து, அதை ஏன் ஏற்க முடியாது என்ற காரணங்களுடன் விடையளிக்க ஒரு குழு வேண்டும் என்று கேட்டார். இம்முறை எதிரிகள் அவரை விடக் கூடாதென்று முடிவு செய்தனர். கென்டக்கியின் தாமஸ் மார்ஷல், தேசத் துரோகத்துக்கு ஒப்பான குற்றம் என்று கண்டனத் தீர்மானத்தை முன்மொழிய, வர்ஜீனியாவின் ஹென்றி வைஸ் நெருப்பு மூட்டினார். ஆடம்ஸ் எழுந்து, விடுதலைப் பிரகடனத்தின் முதற்பகுதியை வாசிக்குமாறு சபை எழுத்தரைக் கேட்டார். அரசை மாற்றவும் நீக்கவும் மக்களுக்கு உள்ள உரிமையைச் சொல்லும் இடம் வந்தபோது, அதை மீண்டும் வாசிக்கச் சொன்னார். இரண்டு வாரங்கள் தம்மைத் தாமே காத்துப் பேசினார். அடிமை ஒழிப்பாளர் தியோடர் வெல்ட் நூலகத்தில் அவருக்காகச் சான்றுகளைத் தேடித் தந்தார். இன்னும் பல வாரங்கள் பேச வேண்டியிருக்கிறது, சபை விரும்பினால் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம் என்று பிப்ரவரி 7 அன்று அவர் சொன்னபோது, சபை 106-க்கு 93 என்ற வாக்கில் தீர்மானத்தைக் கைவிட்டது. அவர் உடனே அடுத்த மனுவை எடுத்தார். மார்ச்சில், அடிமை முறைக்கு எதிரான தீர்மானங்களைக் கொண்டுவந்ததற்காக ஒஹையோவின் உறுப்பினர் ஜோஷுவா கிடிங்ஸைச் சபை கண்டித்தபோது, அவர் பதவி விலகித் தம் தொகுதிக்குப் போய்ப் பெரும் வாக்கு வேறுபாட்டில் திரும்பி வந்தார். வாய்ப்பூட்டு விதியின் பிடி தளர்ந்துவிட்டது. 1844 டிசம்பர் 3 அன்று, ஆடம்ஸ் கொண்டுவந்த தீர்மானத்தின்படி, 108-க்கு 80 என்ற வாக்கில் வாய்ப்பூட்டு விதி நீக்கப்பட்டது.

வானாய்வுக்கூடக் கனவும் அவரை விட்டுப் போகவில்லை. ஜேம்ஸ் ஸ்மித்சன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் விட்டுச்சென்ற சொத்து, 1838-இல் தங்க நாணயங்களாக அமெரிக்கா வந்து, ஐந்து லட்சம் டாலருக்கும் மேலாக மதிப்பிடப்பட்டது. அரசு அதைப் பெரும்பாலும் ஆர்கன்சா மாநிலக் கடன் பத்திரங்களில் போட்டது. அந்த மாநிலமோ வட்டி கட்டவில்லை. அந்தப் பணத்தை வட்டியுடன் மீட்டு அறிவு வளர்ச்சிக்கே செலவிட வேண்டும் என்று சபையில் ஆண்டுக்கணக்கில் போராடியவர் ஆடம்ஸ். 1846-இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் அமைந்தது. 1843 நவம்பரில், 76 வயதில், சின்சினாட்டி வானாய்வுக்கூடத்துக்கு அடிக்கல் நாட்ட நடுங்கும் குளிரில் பயணம் செய்து போனார். அந்தக் குன்றுக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள். அதே ஆண்டு எடுக்கப்பட்ட அவருடைய படம்தான் அமெரிக்க அதிபர் ஒருவரின் அசல் புகைப்படங்களுள் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழையது.

1846 மே மாதம் மெக்சிகோ மீதான போருக்கு எதிராக வாக்களித்த 14 உறுப்பினர்களுள் அவரும் ஒருவர். 1848 பிப்ரவரி 21 அன்று, அந்தப் போரின் அதிகாரிகளுக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்துக்கு மறுப்பு வாக்களித்த சிறிது நேரத்தில் தம் இருக்கையில் சாய்ந்தார். சபாநாயகரின் அறைக்குத் தூக்கிச் சென்றார்கள். 23-ஆம் தேதி இறந்தார். இலினாயிலிருந்து முதன்முறையாகச் சபைக்கு வந்திருந்த ஆபிரகாம் லிங்கன் இறுதிச் சடங்குக்கான குழுவில் இருந்தார். போர் மூண்டால் அடிமைகளை விடுவிக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்று 1836-இலும் 1842-இலும் ஆடம்ஸ் சபையில் சொன்ன வாதத்தை, உள்நாட்டுப் போரின்போது செனட் உறுப்பினர் சார்லஸ் சம்னர் முதலானோர் எடுத்துப் பயன்படுத்தினர். அடிமைகளை விடுவித்த லிங்கனின் 1863-ஆம் ஆண்டு அறிவிப்பு போர்க்கால அதிகாரத்தின் மீதுதான் நின்றது.

12 வயதில், 1779-இல், தொடங்கிய நாட்குறிப்பை அவர் ஏறத்தாழ இறுதிவரை எழுதினார், 51 தொகுதிகள். மகன் சார்லஸ் பிரான்சிஸ் அதிலிருந்து தெரிந்தெடுத்து 1870-களில் 12 தொகுதிகளாக வெளியிட்டார். கையெழுத்துப் பக்கங்கள் முழுவதையும் மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது. வாசிக்க விரும்புகிறவர்கள் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் சலித்துவிடுவார்கள். எழுந்த நேரம், படித்த விவிலிய அதிகாரம், பொட்டோமாக் ஆற்றில் நீந்தியது என்று நாட்கள் போய்க்கொண்டே இருக்கும். 1820-இன் மிசௌரி சர்ச்சை மாதங்களிலிருந்து தொடங்குங்கள். அதன்பின் நேராக 1841-க்குப் போகலாம். நடுவில் உள்ள அதிபர் ஆண்டுகளை அவசரமில்லாத ஒரு நாளில் புரட்டிக்கொள்ளலாம். அவற்றில் பெரும்பகுதி, பதவி கேட்டு வந்தவர்களைப் பற்றிய முணுமுணுப்புதான்.